மூன்றாம் பம்பு பற்றிய குறிப்பு

ஐந்து இருபதுக்கு மூன்றாம் பம்பை நிறுத்தியபோதே பொன்னரசுவின் காதுக்கு அது தெரிந்துவிட்டது. நிறுத்தினால் நின்றுவிட வேண்டும், அதுதான் பம்புக்கு அழகு. இது நின்று, ஏதோ மறந்துவிட்டவர் மாதிரி ஒரு கணம் யோசித்து, பிறகு எதிர்ப்பக்கமாக மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. கிழக்கு மேட்டுத் தொட்டிக்கு ஏறிய தண்ணீர் குழாய்வழியே திரும்பி இறங்குகிறது. இறங்கவிடாமல் தடுக்கிற வால்வின் தகடு விழவில்லை, வேரோ கந்தலோ சிக்கிப் பாதியில் நிற்கிறது. மற்ற இரண்டு பம்புகள் போடுகிற இரைச்சலில் இதை வேறு யாரும் கேட்டிருக்க முடியாது. இருபத்திநாலு வருஷமாக ராத்திரிகளை இந்தக் குடிநீர் நிலையக் கட்டடத்தில் கழித்தவன் காதுக்கு மட்டும் அது தனியாக, மெலிசாக, பல்லைக் கடித்துக்கொண்டு அழுகிற மாதிரிக் கேட்டது. கைச்சக்கரத்தைத் திருகித் தொட்டிப் பக்கத்துக் குழாயின் மேல்வாயை அடைத்துவிட்டு மரச்சுத்தியலால் வால்வின் முதுகில் நாலு தட்டுத் தட்டினால் தகடு உட்கார்ந்துவிடும். பத்து நிமிஷ வேலை. அதைச் செய்யாமல், அது பின்னால் சுற்றிக்கொண்டிருக்கும்போதே வழக்கம்போல ஆறு பத்துக்கு ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் ஒரு பக்கம் இழுக்கும், தண்ணீர் ஒரு பக்கம் இழுக்கும், மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற கப்ளிங் தெறித்துவிடும். கிழக்கு மேட்டில் ஆயிரத்து நானூறு வீட்டுக்கு இரண்டு நாள் தண்ணீர் இருக்காது. இரண்டு நாளும் ஊர் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லும். பொம்பளை கையில குடுத்தா இப்படித்தான். அவன் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. சுவர்க் கடிகாரம் ஐந்து முப்பத்திரண்டு காட்டியது. கை பேனாவைப் பிடித்தபடி ரிஜிஸ்டரின் மேல் சும்மா கிடந்தது.

ஆறு மணிக்கு ஸ்விட்சைப் போட வருகிறவள் துளசிமணி. அவன் மனைவி. நேற்றுவரை அவனைப் போல ஒரு பம்ப் ஆபரேட்டர், இன்றிலிருந்து நிலையப் பொறுப்பாளர். பொறுப்பாளர் என்பது பெரிய பதவி ஒன்றுமில்லை, ஒரு மேஜை, ஒரு சாவிக்கொத்து, ஆறு ஆபரேட்டர்களின் ரிஜிஸ்டரில் கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போடுகிற உரிமை, அவ்வளவுதான் என்று அவன் மூன்று வாரமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான் என்றால் நீ ஏன் மனுப் போட்டாய் என்று ராத்திரி மூன்று மணிக்கு மண்டைக்குள் ஒரு குரல் கேட்கும். ஆமாம், இருவரும்தான் மனுப் போட்டார்கள். ஒரே நாளில், ஒரே கவரில். பரீட்சைக்கு ஒரே ஸ்கூட்டரில் போனார்கள், அவள் பின்னால் உட்கார்ந்து அவன் முதுகில் நோட்டை வைத்துக் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு எண்பத்தொன்று. அவனுக்கு அறுபத்திநாலு. எண்பத்தொன்றில் குறைந்தது எழுபது அவன் கற்றுக்கொடுத்தது. அடுப்படி மேடையில் மாவைத் தூவி அதில் விரலால் மோட்டாரின் படம் போட்டு, இங்கிருந்து இங்கே கரண்ட் வருது பாரு துளசி என்று காட்டிக்கொடுத்ததுதான் எல்லாம். அவன் பத்தாவது தாண்டாதவன், நூலகத்துப் புத்தகங்களைப் பம்பு இரைச்சலில் எழுத்துக்கூட்டிப் படித்துத் தானாகத் தெரிந்துகொண்டவன். அவன் ஒவ்வொரு படியாக ஏறிப் பார்த்து, விழுந்து, அடிபட்டுக் கண்டுபிடித்த வழியில் அவள் கையை வீசிக்கொண்டு நடந்து போய்விட்டாள். ரிசல்ட் வந்த அன்று ஆறுச்சாமி, அவனுக்கு முந்தின ஷிப்ட்காரர், டீக்கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏனுங் பொன்னரசு, இனிமேல் லீவ் லெட்டரை இங்க வந்து குடுப்பீங்களா, இல்ல ஊட்லயே சோத்துத் தட்டு பக்கத்துல வெச்சுருவீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான் சிரித்தான். "ஆணும் பெண்ணும் சரிசமம்னு பேசற ஆளுங்க நானு, எனக்கென்னுங்க" என்றான். டீ நாக்கைச் சுட்டது. சுட்ட இடம் நாலு நாள் சொரசொரவென்றே இருந்தது, பேசும்போதெல்லாம் பல்லில் உரசியது.

எழுத வேண்டியது ஒரே வரி. 5.20, பம்பு 3 நிறுத்தம், தகடு அமரவில்லை, பின்னோக்கிச் சுழல்கிறது, இயக்கும் முன் மேல்வாய் அடைக்கவும். அதற்கு மேல் இருந்த வரியை வாசித்தான், தன் கையெழுத்துத்தான், ஐந்து மணி அளவுகள், வோல்டேஜ், அழுத்தம், கிணற்று மட்டம். அதற்கு மேல் நாலு மணி. விளிம்பில் ஒன்றுமில்லை, சுத்தமான வெள்ளை. அந்த வெள்ளைதான் அவனுக்குத் தாங்கவில்லை. ஒன்பது வருஷமாக அந்த விளிம்பு காலியாக இருந்ததே கிடையாது. மகள் சின்னவளாக இருந்தபோது வீட்டில் யாராவது ஒருவர் இருக்க வேண்டும் என்று இருவரும் எதிரெதிர் ஷிப்ட் கேட்டு வாங்கினார்கள். அவன் ராத்திரி, அவள் பகல். ஒரே மேஜை, ஒரே நாற்காலி, நாற்காலியில் அவன் சூடு ஆறுவதற்குள் அவள் உட்காருவாள், ஆனால் ஒருவரையொருவர் பார்ப்பது வாசலில் மூன்று நிமிஷம். மிச்சப் பேச்சையெல்லாம் விளிம்பில் பென்சிலில் எழுதினார்கள். கொத்தவரங்காய் மூடி வெச்சிருக்கு. பாப்பாவுக்குக் காது வலி, சொட்டு மருந்து எட்டு மணிக்கு. உங்க பனியன் எல்லாம் ஓட்டை, புதுசு எடுங்க. ஒரு நாள் வெறுமனே, தூங்குனீங்களா? வாரக் கடைசியில் ரிஜிஸ்டர் மேலே போவதற்கு முன் ஆளுக்கொரு பக்கமாக அழிப்பார்கள். அழித்த இடமெல்லாம் காகிதம் மெலிந்து, விளக்கில் பிடித்தால் வெளிச்சம் அந்தப் பக்கம் போகும். கல்யாணம் என்று ஒன்று அவனுக்கு எங்கே நடந்தது என்று கேட்டால் அந்த விளிம்பில் என்றுதான் சொல்லுவான். நேற்றுச் சாயங்காலம் அவன் கிளம்பும்போது, சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: "ஏனுங்க, இனிமேல் ரிஜிஸ்டர்ல பென்சில்ல எழுத வேண்டாமுங்க. நானே செக் பண்ணிக் கையெழுத்துப் போடணும். யாராச்சும் பாத்தா நல்லா இருக்காது." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சரி என்றான். சரியான பேச்சுத்தானே. அவன் மட்டும் பொறுப்பாளராக ஆகியிருந்தால் அவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். சொல்லியிருப்பானா? மாட்டான். நிச்சயம் மாட்டான். எழுதிக்கொண்டே இரு துளசி, எவன் கேட்கிறான் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருப்பான். இப்படி நினைத்ததும் அவனுக்குத் தன்மேல் ஒரு பிரியம் வந்தது. அந்தப் பிரியம் உடனே புளித்தும் போனது.

ஐந்து நாற்பத்தொன்று. வெளியே புளியமரத்தில் காக்கைகள் எழுந்துவிட்டன. ஜீப் சத்தம் வருகிறதா என்று காது தானாகப் போய் வாசலில் நின்றது. இன்றைக்கு அவள் பஸ்ஸில் வரமாட்டாள். பொறுப்பை முறைப்படி ஒப்படைக்க உதவிப் பொறியாளரே வருகிறார், போகிற வழிதானே மேடம், ஜீப்பில் வந்துவிடுங்கள் என்று போனில் சொல்லியிருந்தார். நிர்மல் என்று பெயர், அவன் மகளைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். அந்தப் பையன்மேல் பொறாமைப்பட முடியுமா? முயன்று பார்த்தான், கூசியது, ஒட்டவில்லை. வேறு ஆம்பிளை ஒருத்தனாக இருந்தால் எவ்வளவு வசதி. கோபித்துக்கொள்ள ஒரு முகம் இருக்கும், சண்டை போட ஒரு காரணம் இருக்கும். எவனோடும் இல்லாமல் அவள் அவளோடேயே போய்விட்டாள் என்றால் எந்த வாசலில் போய் நின்று கேட்பது? ஆனால் போன வியாழக்கிழமை அந்தப் பையனோடு பேசும்போதுதான் அது நடந்தது. சாயங்காலம், இவன் தூங்கிக்கொண்டிருப்பதாக நினைத்து அவள் வாசல் பக்கம் நின்று போனில், "இல்லைங்க சார், பொன்னரசு நைட் ஷிப்ட்காரருங்க, நான் சொல்லிடறனுங்க" என்றாள். பாயில் கிடந்தவனுக்குத் தூக்கம் கத்தரித்ததுபோல் போய்விட்டது. பொன்னரசு. இருபத்திரண்டு வருஷம். தாலி இல்லாமல், ஐயர் இல்லாமல், மாலை மாற்றி, மேடையில் ஐந்து பேர் பேசி நடந்த கல்யாணம். அன்று ராத்திரி அவன் அவளிடம் கேட்ட ஒரே சீதனம் அதுதான். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு துளசி, நான் உனக்குச் சாமி இல்லை. அவள் வாயைத் திறந்தாள், பொன் என்றாள், சிரிப்பு வந்துவிட்டது, தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வாரம் முயன்றாள். அப்புறம் ஏனுங்க என்பதே நிலைத்துவிட்டது. அவனும் விட்டுவிட்டான். விட்டுவிட்டானா, இல்லை அந்த ஏனுங்கவில் உள்ளுக்குள் சுகமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டானா? எப்படியோ, கேட்டபோது வராத பெயர் கடைசியில் அவள் வாயிலிருந்து வந்தே விட்டது, ஆனால் அவனை நோக்கி இல்லை, வேறொருத்தனிடம், ஆறு ஆபரேட்டரில் ஒருவரின் பெயராக, வருகைப் பதிவேட்டிலிருந்து வாசிக்கிற மாதிரி. பாயில் கிடந்தபடி அவன் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டான். இனிமையாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை.

அவன் கெட்டவன் இல்லை. இதை யாரிடம் சொல்கிறான் என்று தெரியவில்லை, ஆனாலும் சொன்னான். பெண்களுக்கும் ஷிப்ட் தர வேண்டும் என்று ஒன்பது வருஷத்துக்கு முன் சங்கத்தில் மனு எழுதியது யார்? அவன்தான். குப்பை கூட்டவும் கிணற்றடி கழுவவும் மட்டும்தான் பெண்கள் வேண்டுமா, ஸ்விட்ச் ஆண் கையைப் பார்த்தா வேலை செய்கிறது என்று அதில் எழுதியிருந்தான், அந்த வரிக்குக் கைதட்டினார்கள். மகளிர் தினத்துக்கு ஒரு மணி நேரம் பேசினான், குரல் தழுதழுத்தது, கடைசி வரிசையில் டிபன் தூக்கோடு உட்கார்ந்திருந்த துளசி முடிந்ததும் பக்கத்தில் வந்து, "நல்லா பேசுனீங்க. காலையில உளுந்து ஊறப் போடச் சொன்னனே, போட்டீங்களா?" என்றாள். போடவில்லை. உலகத்துப் பெண்களுக்காகப் பேசிவிட்டு வந்தவனுக்கு மறுநாள் இட்லி இல்லை, கோதுமை உப்புமா. அதை நினைத்து அவர்கள் எத்தனை தடவை சிரித்திருக்கிறார்கள். இப்போது அந்தச் சிரிப்புக்குள்ளும் ஏதோ நெருடியது. அவள் எப்போதுமே அவனைப் பார்த்துத்தான் சிரித்தாளா, அவனோடு சேர்ந்து சிரித்தாளா? அவன் கதவைத் திறந்துவிட்டான், அது உண்மை. ஆனால் திறந்துவிட்டவன் கதவோரமாக நின்று, வா வா என்று கை காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவள் நன்றியோடு உள்ளே வந்து அவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவன் நினைத்திருந்தான் போலிருக்கிறது. அவள் உள்ளே வந்து, திரும்பிப் பார்க்காமல், அடுத்த கதவைத் தேடிப் போய்விட்டாள். சமீபமாக அவள் தூங்குகிற விதமே மாறிவிட்டது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மட்டும்தான் பக்கத்தில் படுப்பார்கள், அவன் கையை எடுத்துத் தன் கழுத்துக்கடியில் வைத்துக்கொள்வாள். இப்போது வெறும் தலையணையே போதுமாக இருக்கிறது, மல்லாந்து, வாயை லேசாகத் திறந்து, நிம்மதியாக. அந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பான். ராத்திரியில் தூங்கிப் பழக்கமில்லாதவனுக்கு அன்று பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.

மூன்றாம் பம்பு இன்னும் முனகிக்கொண்டிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தான். அடைக்கத்தான் போகிறான் என்று கால் நினைத்தது, ஆனால் கை சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. இரும்பு மூடிக்குக் கீழே கப்ளிங் மெதுவாக, தலைகீழாக நடக்கிற மனுஷன் மாதிரி, பின்னோக்கிச் சுழன்றது. தெறித்தாலும் மூடி இருக்கிறது, ஆளுக்கு ஒன்றும் ஆகாது. அப்படி நினைத்த மறுகணம் மூடியின் இடது ஓரத்தில் போல்ட் இல்லாத ஓட்டை கண்ணில் பட்டது. தை மாசத்திலிருந்து இல்லை. இரண்டு தடவை எழுதிப் போட்டும் வரவில்லை. ஸ்விட்ச் போடுகிறவர் நிற்கிற இடத்திலிருந்து அந்த ஓரம் எத்தனை அடி? ஆறு. ஏழு இருக்கும். துளசி இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, உதட்டை மடித்துக்கொண்டுதான் ஸ்விட்ச் போடுவாள். அந்த மடித்த உதடு தெரிந்தது. விறுவிறுவென்று திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்தான், எழுதிவிட வேண்டும், உடனே. எழுதுவதற்குள் அடுத்த நினைப்பு வந்துவிட்டது, வழுவழுவென்று, எவ்வளவு அழகான நினைப்பு. ஆறு பத்து. அவள் ஸ்விட்சை நோக்கிக் கையைக் கொண்டுபோகிறாள். பக்கத்தில் பொறியாளர். வாசலில் கிளம்பத் தயாராக நின்றவன் காதைச் சாய்க்கிறான். துளசி, நில்லு! கை அந்தரத்தில் நிற்கிறது. அவன் நடந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் கைச்சக்கரத்தைத் திருகி, நாலு தட்டு. டொக். பொறியாளர் பையன், அண்ணா உங்க காது காது இல்லை அண்ணா என்கிறான். துளசி அவனைப் பார்க்கிறாள், பழைய பார்வை, மாவுப் படத்தைப் பார்த்த பார்வை. யாருக்கும் நஷ்டமில்லை. அப்படியானால் எழுதவே கூடாது. எழுதாமலும் இருக்கக் கூடாது, நாளைக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்டால்? ஐந்து ஐம்பத்திநாலுக்கு அவன் பேனாவை மூடி வைத்துவிட்டு, மேஜை டிராயரிலிருந்து பென்சிலை எடுத்தான். முனை தேய்ந்த பழைய பென்சில். கோழி இறகால் எழுதுகிறமாதிரி, காகிதத்துக்கே தெரியாமல், அந்த ஒரு வரியை எழுதினான். ஐந்து மணி அளவுகளின் கறுப்பு மைக்குக் கீழே அது இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. அதற்குக் கீழே ஒப்படைத்தேன் என்று மையில் கையெழுத்துப் போட்டான். கையெழுத்து மட்டும் நன்றாக வந்திருந்தது.

ஜீப் வந்தது. முதலில் பொறியாளர் இறங்கி, அவளுக்காகக் கதவைப் பிடித்தபடி நின்றார். துளசி புதுக் காக்கிக் கோட்டில் இருந்தாள், கடையில் மடித்த மடிப்பு இன்னும் நெஞ்சில் சிலுவைபோல் நின்றது. தலையில் பூ இல்லை. அவனைப் பார்த்து எப்போதும்போல் கண்ணால் மட்டும், சாப்பிட்டீங்களா என்பதுபோல் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நேராக மேஜைக்கு வந்தாள். "குட் மார்னிங் அண்ணா" என்றார் பொறியாளர். "மேடம் ஜீப்ல வரும்போதே மூணு கேள்வி கேட்டுட்டாங்க, எனக்கே பதில் தெரியலை." சிரித்தார். அவனும் முகத்தை அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொண்டான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரிஜிஸ்டரைத் திறந்தாள். விரலை வரியின்மேல் வைத்து, மேலிருந்து கீழாக, ஒவ்வொரு எண்ணாக. விரல் வைத்துப் படி துளசி, கண்ணை நம்பாதே என்று அவன்தான் சொல்லிக்கொடுத்தான். ஒரு மணி. இரண்டு மணி. மூன்று. நாலு. ஐந்து. விரல் அவன் கையெழுத்துக்குப் போகும் வழியில், வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில், நின்றது. அவள் குனியவில்லை. நிமிரவும் இல்லை. பொறியாளர் தோளுக்கு மேலாக எட்டி, "எல்லாம் நார்மல்தானே மேடம்?" என்றபோது அவளுடைய முழு உள்ளங்கையும் அந்த வரியின்மேல் தட்டையாக, சும்மா வைத்ததுபோல், படிந்தது. "பாத்துட்டுச் சொல்றனுங்க சார். நீங்க அதுக்குள்ள கிணத்து மட்டத்தை ஒரு பார்வை பாத்துட்டு வந்தர்றீங்களா? இதை முடிச்சுட்டு நானும் வந்தர்றேன்." அவர் போனார். படிகளில் அவர் பூட்ஸ் இறங்குகிற சத்தம் தேயும்வரை உள்ளங்கை எழவில்லை. அவனுக்கு அந்தக் கையைத் தெரியும், கட்டைவிரல் பக்கம் எண்ணெய் தெறித்த தழும்பு. அது மறைத்தது வரியை இல்லை, அவனை. அவனிடம் பதில்கள் தயாராக இருந்தன. பேனா தீர்ந்துபோச்சு. இனிமேல்தான் மையில எழுத இருந்தேன். அவள் காது மூன்றாம் பம்பின் பக்கம் ஒருமுறை சாய்ந்தது. கேட்டுவிட்டாள். இரண்டு பம்பு இரைச்சலுக்கு நடுவில் அவளுக்கும் கேட்கிறது. அவனுக்கு மட்டும்தான் கேட்கும் என்று எப்படி நினைத்தான், காதைக் கூடத்தானே கற்றுக்கொடுத்தான். கோட்டுப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, ரிஜிஸ்டரின் நடுமடிப்பில் அவன் பக்கமாக முனையைத் திருப்பி வைத்தாள்.

"பொன்னரசு" என்றாள். சிரிப்பு வரவில்லை அவளுக்கு. "மையில எழுதுங்க."

அதில் கோபம் இருந்ததா என்று பிற்பாடு எத்தனையோ தடவை அவன் யோசிப்பான். இல்லை, அன்பும் இல்லை. ஒரு ஆளை அவன் பெயரால் கூப்பிட்ட குரல், அவ்வளவுதான். அவன் குனிந்து, தன் பென்சில் எழுத்தின்மேலேயே, ஒவ்வொரு எழுத்தாக மையை ஏற்றினான். 5.20 என்ற எண்ணை அவள் பார்த்தாள், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு மூன்று. அந்த நாற்பத்துமூன்று நிமிஷத்தை அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. மூலையிலிருந்து மரச்சுத்தியலை எடுத்துக்கொண்டு, "சக்கரம் எனக்கு இறுகலா இருக்குமுங்க, நீங்க அடைங்க, நான் தட்டறேன்" என்றாள். அடைத்தான், கப்ளிங் மெல்ல நின்றது. தட்டினாள். மூன்றாவது தட்டில் தகடு உட்கார்ந்தது, அவன் சக்கரத்தைத் திரும்பத் திறந்தபோதும் கப்ளிங் அசையவில்லை, அந்த அழுகை அறுந்து கட்டடமே கொஞ்சம் விசாலமானதுபோல் இருந்தது. அவள் மேஜைக்குத் திரும்பி, ரப்பரால் மைக்கு வெளியே பிசிறாகத் தெரிந்த பென்சில் கோடுகளை அழித்து, தூளை ஊதிவிட்டு, கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். கைப்பிடிச் சுவர்வரை போய்க் கீழே பார்த்து, "சார், மேல வாங்க. மூணு ரெடிங்க" என்றாள். அவன் ஷிப்ட் முடிந்துவிட்டது. ஸ்கூட்டர் சாவி கையில் இருந்தது. போக வேண்டியவன் வாசற்படியிலேயே நின்றான், மோட்டார் பிடிக்கிற சத்தத்துக்காக என்று தனக்குச் சொல்லிக்கொண்டு. அவள் இடது கையை இடுப்பில் வைத்து, உதட்டை மடித்து, ஸ்விட்சைப் போட்டாள். தண்ணீர் மேட்டை நோக்கி ஏறத் தொடங்கியது. அப்போதும் அவன் நின்றுகொண்டுதான் இருந்தான், அவள் இன்னொரு முறை கூப்பிடமாட்டாளா என்று, எதற்காகவாவது, திட்டுவதற்காகவாவது.